மீனுக்கு ஒரு பை, வல்லாரைக்கு வேறு பை: கொழும்பு வெக்கையில் உணவைக் கெடாமல் பொதி செய்வது

சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் தொடர்மாடியில் மேல் வீட்டுப் பிள்ளை ஒரு புது இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு வாயைச் சூட்டில் ஒட்டுகிற இயந்திரம். "அக்கா, இதில் அடைத்துவிட்டால் இறால் கறி வெளியிலேயே ஒரு வாரம் இருக்குமாம். உண்மையா?" என்று கேட்டாள்.

உண்மையில்லை, அப்படி ஒருபோதும் செய்துவிடாதே என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். அன்று இரவு ஒன்பது மணி வரை பேசினோம். அவளிடம் சொன்னவற்றை ஒழுங்காக எழுதிவைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. கடலுணவு ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றின் பொதியிடும் பகுதியில் 21 ஆண்டுகள் வேலை செய்தவள் நான். இப்போது வெள்ளவத்தையில், வெளிநாடு போகிறவர்களுக்கு மிளகாய்த்தூள், கருவாடு, பலகாரம் எல்லாம் கட்டிக்கொடுக்கிறேன்.

பை வாங்கப் போவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கையில் இருக்கும் இந்த உணவு எதனால் கெடும்? மீனுக்குச் சூடு எதிரி. மிளகாய்த்தூளுக்கு ஈரம் எதிரி. கீரைக்கு மூச்சு முட்டுவது எதிரி. சோற்றுக்கு அதன் சொந்த ஆவியே எதிரி. எதிரி யார் என்று தெரிந்தால் எந்தப் பை வேண்டும் என்பது தானாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே மாதிரி அடைப்பதால்தான் பாதிப் பொருள் குப்பைக்குப் போகிறது.

மீனும் இறைச்சியும்

நான் வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஒரு நாள் நண்பகல், வீதியோரம் பலகையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரு சூரை மீன் வாங்கினேன். ஐஸ் இல்லை. ஆனால் துண்டுகள் சிவப்பாக, பார்க்க நன்றாகவே இருந்தன. வீட்டுக்கு வந்து கழுவி, காற்றே இல்லாமல் இறுக்கி அடைத்து ஃப்ரீசரில் வைத்தேன். பத்து நாள் கழித்துச் சமைத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் கணவருக்கு முகமும் கழுத்தும் சிவந்துவிட்டன. நாக்கில் மிளகு கடித்தது போல எரிகிறது என்றார். தலையிடி வந்தது. மருத்துவர் மருந்து கொடுத்து, இரவுக்குள் சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டு விளங்கிக்கொண்டேன்.

சூரை, கெலவல்லா, அறக்குளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்றொரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது. மீன் வெக்கையில் கிடக்கும்போது பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. அன்று என் பையில் பிழை இல்லை. ஃப்ரீசரிலும் பிழை இல்லை. கெட்டுப்போன மீனை நான் மிகக் கவனமாகப் பொதி செய்திருந்தேன். பொதி என்பது உணவு எந்த நிலையில் உள்ளே போகிறதோ அந்த நிலையைக் கொஞ்சக் காலம் பிடித்துவைக்கும் வேலை மட்டுமே.

ஆகவே மீனைப் பொதி செய்யும் வேலை சந்தையிலேயே தொடங்குகிறது. பேலியகொடைக்குப் போனாலும் தெருமுனைக் கடைக்குப் போனாலும், மூடியுள்ள பெட்டியும் ஐஸும் கொண்டுபோங்கள். எங்கள் காலநிலைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ் என்பது கணக்கு. வீட்டுக்கு வந்ததும் குடலையும் செவுளையும் எடுத்து, கழுவி, தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு பைக்குள் போகும் துண்டில் ஐஸ் படியும், ஒட்டும் வாயும் நழுவும்.

துண்டுகளை ஒரு தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் இறுகவிட்ட பிறகே காற்றை உறிஞ்சுங்கள். பச்சையாக உறிஞ்சினால் மீனின் நீரும் சேர்ந்து மேலே ஏறி, ஒட்ட வேண்டிய இடத்தை நனைத்துவிடும். செட்டை முள், நண்டுக் கால், இறால் கொம்பு ஆகியவை பையைக் குத்தும். ஊசி முனை அளவு துளை விழுந்தாலே காற்று திரும்பி வந்துவிடும். அவற்றை வெட்டிவிடுங்கள், அல்லது அந்த இடத்தில் மட்டும் தடித்த தாளை மடித்து வையுங்கள்.

இயந்திரம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். வாயை அழுத்தி மூடும் சிப் பையில் மீனைப் போட்டு, ஒரு மூலையை மட்டும் திறந்துவைத்து, பெரிய பாத்திரத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குங்கள். தண்ணீரின் அழுத்தம் காற்றை மேலே தள்ளிவிடும். தண்ணீர் வாயைத் தொடுவதற்குச் சற்று முன் மூலையை மூடுங்கள். பை மீனின் உடம்போடு ஒட்டி நிற்கும்.

இறாலுக்குத் தொழிற்சாலையில் நாங்கள் செய்வது இன்னொன்று. முதல் நாள் இறாலைத் தட்டில் பரப்பிக் கல்லாக உறையவைப்போம். பிறகு ஐஸ் போட்ட குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று விநாடி முக்கி எடுத்தால், கண்ணாடி போல ஒரு மெல்லிய ஐஸ் படலம் இறாலைச் சுற்றிப் பிடிக்கும். மறுபடி உறையவைத்து இன்னொரு முறை முக்கலாம். ஃப்ரீசரின் வறண்ட காற்று அந்தப் படலத்தைத்தான் முதலில் தின்னும், இறாலை அல்ல. ஃப்ரீசரில் கிடந்த இறைச்சியின் ஓரம் வெளிறிச் சக்கை போல ஆவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் வற்றியதால் வருவது அது. இந்தப் படலம் அதைத் தடுக்கும். வீட்டில் இதைச் செய்ய ஒரு சதமும் செலவில்லை. இருந்தும் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

எண்ணெய்ப் பிடிப்புள்ள மீனை இரண்டு மூன்று மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள். கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன் ஆறு மாதம் வரை சுவை குறையாமல் இருக்கும். இதெல்லாம் ஃப்ரீசர் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் நின்றால்தான்.

காற்றை உறிஞ்சிய மாட்டிறைச்சி கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒட்சிசன் இல்லாததால் வரும் நிறம் அது. பையைத் திறந்து கால் மணி, அரை மணி நேரம் விட்டால் சிவப்பு திரும்பும். ஆனால் இறுகி ஒட்டியிருந்த பை ஊதிப்போய் நின்றால் முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே ஏதோ வளர்ந்து வாயு விட்டிருக்கிறது. வீசிவிடுங்கள்.

காற்றில்லாத பைக்குள் யார் வாழ்வார்கள்?

மேல் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. காற்றை உறிஞ்சினால் பூஞ்சணம் வளராது, எண்ணெய் சிக்கெடுப்பதும் தாமதமாகும். ஆனால் காற்றில்லாத இடத்தைத் தேடி வாழும் கிருமிகளும் உண்டு. குளொஸ்ரிடியம் பொட்டுலினம் அவற்றில் மிகக் கொடியது. அதன் விதைகள் சாதாரணக் கொதிநிலையைத் தாங்கும். நரம்பை முடக்கும் நஞ்சை அது உண்டாக்கும். அந்த நஞ்சுக்கு நாற்றமோ சுவையோ இருக்க வேண்டியதில்லை. அதன் சில வகைகள் 3 பாகைக் குளிரிலேயே மெல்ல வளரக்கூடியவை.

இறால் கறியை அடைத்து மேசையில் வைத்தால், போட்டியாளர்களை எல்லாம் விரட்டிவிட்டு அந்தக் கிருமிக்கு மட்டும் வீடு கட்டிக்கொடுத்தது போலாகும். ரின் மீன் வெளியில் கெடாமல் இருக்கிறதே என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ரின்னை மூடிய பிறகு, அழுத்தத்தில் ஏறக்குறைய 121 பாகை வரை சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றுவிடுகிறார்கள். பிரான்சில் நிக்கொலா அப்பேர் 1810 இல் பரிசு வாங்கிய முறையும் அடைத்துவிட்டுச் சூடாக்குவதுதான். எங்கள் இயந்திரம் காற்றை எடுக்கிறது, கொல்வதில்லை.

எனவே இயந்திரத்தில் அடைத்த ஈரமான எந்த உணவும் குளிரிலேயே இருக்க வேண்டும். உறைந்த மீனை இளக்கும்போது, முதலில் பையின் ஒரு மூலையைக் கத்தரித்துவிட்டுப் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். உள்ளியை எண்ணெயில் போட்டுப் போத்தலில் அடைத்து அலுமாரியில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். எண்ணெய் காற்றை மறைப்பதால் அதுவும் காற்றில்லாத பொதியே.

தெற்குக் கரையோரச் சிங்களக் குடும்பங்கள் கொறுக்காய் சேர்த்து வற்றவைக்கும் அம்புல் தியல் என்ற மீன் கறி, அதே கொறுக்காயும் உப்பும் இட்டு ஜாடியில் அடுக்கும் மீன் ஆகியவை பையை நம்பாமல் புளிப்பையும் உப்பையும் நம்பியவை. எங்கள் கருவாடு வெயிலை நம்பியது. அந்தக் கிருமி கடும் புளிப்பிலும் உப்பிலும் வறட்சியிலும் வளராது. நவீனப் பை இவற்றில் எதையும் தன்னால் தருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கீரையும் மரக்கறியும்

வல்லாரைக் கட்டு ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக முடிந்து பிரிட்ஜில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் எடுத்துப் பாருங்கள். பையின் உட்பக்கம் முழுவதும் வியர்த்திருக்கும். கட்டின் நடுவில் இலைகள் கறுத்து வழுவழுவென்று விரலில் ஒட்டும். பறித்த பிறகும் கீரை உயிரோடுதான் இருக்கிறது. ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டையும் ஈரத்தையும் சூட்டையும் விடுகிறது. முழுவதும் அடைத்தால் மூச்சு முட்டிச் சாகும். முழுவதும் திறந்துவைத்தால் வாடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பிடிக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். கட்டை அவிழ்த்து, அழுகிய தண்டுகளைக் கழித்து, கழுவாமல் டிஷ்யூ தாளில் தளர்வாகச் சுற்றுவேன். பென்சில் முனை அளவில் எட்டுப் பத்துத் துளைகள் போட்ட பையில் இட்டு, கீழ் அறையில் வைப்பேன். தாள் நனைந்தால் மாற்றுவேன். வல்லாரை அப்படியே ஆறேழு நாள் நிற்கிறது. கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, தாள் விரித்த பிளாஸ்டிக் பெட்டியில் போட்டால் இரண்டு வாரம் தாங்கும். காளானுக்குத் தாள் பை மட்டும்.

பழுத்த வாழை, மாம்பழம், பப்பாசி, தக்காளி ஆகியவை எதிலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகிவிடும். இவற்றை ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. காயாக இருக்கும் தக்காளியையும் மாங்காயையும் பிரிட்ஜில் வைத்தால், குளிர் தாக்கிப் பிறகு ஒழுங்காகப் பழுக்காது. வெளியில் பழுக்கவிட்டுப் பிறகு வையுங்கள். போஞ்சி, கரட் போன்றவற்றை நீண்ட நாளுக்கு உறையவைப்பதானால், இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, துடைத்துப் பொதி செய்யுங்கள். அந்தச் சூடுதான் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதியங்களை நிறுத்துகிறது.

சோறும் கறியும்

சோற்றுப் பொதி கட்டி விற்கும் பெண்கள் எங்கள் பகுதியில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். வேகவைத்த சோற்றிலும் உயிர் தாங்கும் ஒரு பற்றீரியா உண்டு. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வளர்ந்து நஞ்சு விடும்; மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகளுக்குப் பிடித்தமானது. கொழும்பின் பகல் முழுவதும் அதற்குள்தான் அடங்குகிறது.

உடனே சாப்பிடுகிறவருக்கானால் சூடாகவே கட்டிச் சூடாகவே கொடுங்கள். மறுநாளுக்கானால் அகலமான தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆவி அடங்கியதும் பெட்டியில் போட்டுப் பிரிட்ஜுக்கு அனுப்புங்கள். கொதிக்கக் கொதிக்க மூடிய பெட்டியின் மூடியில் திரளும் நீர் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழும். அந்த இடத்தில்தான் முதலில் புளிக்கும். உறையவைக்கும் கறிக்குத் தேங்காய்ப்பாலைப் பிறகு விடுங்கள். இளகும்போது பால் திரிவதைத் தவிர்க்கலாம்.

2017 செப்டெம்பரில், சோறு பொதியும் பொலித்தீன் தாளான லன்ச் சீற்றும், நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த றெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டபோது பலர் திண்டாடினார்கள். வாழையிலையை அடுப்பு நெருப்பில் மேலாக வாட்டினால் விறைப்பு நீங்கி, கிழியாமல் மடியும். அரை நாள் பொதிக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. லம்பிறைஸ் கட்டும் பறங்கிக் குடும்பங்கள் அதைக் கைவிடவே இல்லை. பெட்டிதான் வேண்டும் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறதா பாருங்கள். அது பொலிபுரொப்பிலீன், கறியின் சூட்டைத் தாங்கும்.

தூளும் பலகாரமும், ஒட்டும் வாயும்

சாதாரணப் பொலித்தீன் பை தண்ணீரைத் தடுக்கும், ஆனால் ஒட்சிசனையும் வாசனையையும் போகவிடும். மிளகாய்த்தூள் பொதியை வைத்த அலுமாரி முழுவதும் மணப்பது அதனால்தான். அந்த மணம் தூளிலிருந்து கழன்று போன மணம். நைலோன் அடுக்குச் சேர்த்த பை ஒட்சிசனை நன்றாகத் தடுக்கும். காற்று உறிஞ்சும் பைகள் அந்த வகை. இழுத்துப் பார்த்தால் வெறும் பொலித்தீன் இழுபட்டுக் கொடுக்கும், இது மொடமொடவென்று நிற்கும். அலுமினியத் தகடு ஒட்டிய பை ஒளியையும் தடுக்கும். தூளுக்கு நான் வாங்குவது அதைத்தான். புறக்கோட்டை மொத்தக் கடைகளில் நூறாக எடுத்தால் மலிவு.

வறுத்து அரைத்த தூளை முற்றிலும் ஆறவிட்டு, அதே நாளில் அடைத்துவிடுங்கள். மழை நாளில் திறந்து கிடந்தால் ஒரே இரவில் ஈரம் குடித்துக் கட்டியாகும். உள்ளே போடும் சிறு பொட்டலங்களில் இரண்டு வகை உண்டு. சிலிக்கா ஜெல் ஈரத்தை இழுக்கும். இரும்புத் தூள் உள்ளது துருப்பிடித்து ஒட்சிசனை எடுக்கும். இரண்டாவதை நன்றாகக் காய்ந்த பொருளுக்கு மட்டுமே போட வேண்டும். ஈரமுள்ள ஊறுகாய்க்கோ சம்பலுக்கோ போட்டால் முன்பு சொன்ன ஆபத்துத்தான். பருத்தித்துறை வடையையும் முறுக்கையும் காற்று உறிஞ்சி நொறுக்க வேண்டாம். கடைச் சிப்ஸ் பைகளில் நைதரசன் நிரப்பி ஊதவைப்பது உடையாமல் இருக்கவும்தான். வீட்டில் தகடு ஒட்டிய பையில் கொஞ்சம் காற்றோடு ஒட்டி, தகரப் பேணிக்குள் அடுக்குங்கள்.

ஒட்டும் வாயைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. தொழிற்சாலையில் திரும்பி வந்த பொதிகளில் நான் பார்த்த குறை பெரும்பாலும் அங்கேதான் இருந்தது. நிரப்புவதற்கு முன், சட்டைக் கையை மடிப்பது போலப் பையின் வாயை மூன்று விரல் அகலத்துக்கு வெளியே மடித்துவிடுங்கள். நிரப்பிய பின் மடிப்பை விரித்தால், ஒட்ட வேண்டிய இடத்தில் தூளோ எண்ணெயோ பட்டிருக்காது. ஒரு மிளகாய்த் துகள் நடுவில் அகப்பட்டாலும் அதன் இரு பக்கமும் நூல் அளவு வழி திறந்திருக்கும். வாயை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துச் சுருக்கம் எடுத்து, ஒருமுறை ஒட்டி, அரை அங்குலம் தள்ளி இன்னொரு முறை ஒட்டுங்கள். ஆறிய பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்; நல்ல ஒட்டு ஒரே சீராகத் தெளிவாகத் தெரியும், சுருக்கம் விழுந்த இடம் கோடாகத் தெரியும். சந்தேகமானால் கொஞ்சம் காற்றோடு ஒரு வெறும் பையை ஒட்டித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். குமிழி வந்தால் இயந்திரத்தின் சூட்டைக் கூட்டி மறுபடி பாருங்கள்.

ஒவ்வொரு பையிலும் பொருளின் பெயர், அடைத்த தேதி, நிறை மூன்றையும் அழியாத பேனையால், நிரப்புவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். உறைந்த பையில் மை பிடிக்காது. விற்கப் போகிறவர்கள் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வரும் சுட்டுத்துண்டு விதிகளை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று ஊகித்து எழுதாமல், பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடத்தில் பரிசோதித்து எழுதுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, என் ஃப்ரீசரில் 15 கிலோ மீன் இருந்தது. நிறைந்த ஃப்ரீசர் கதவு திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம், பிரிட்ஜ் நான்கு மணி நேரம் மட்டுமே. வெற்றிடங்களில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி உறையவைத்தேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்தேன். நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஐஸ் இளகி மறுபடி உறைந்திருந்தால், குற்றி அடியில் கிடக்கும். மேலே இருந்தால் மீன் இளகவில்லை. அந்தக் கிழமைகளில் குற்றி ஒரு முறைகூட இறங்கவில்லை. இப்போது மேல் வீட்டுப் பிள்ளையின் ஃப்ரீசரிலும் ஒரு கிண்ணம் இருக்கிறது. இறால் கறி அதன் பக்கத்தில், தேதி எழுதிய பையில் இருக்கிறது.